மழை வந்தால் ஓடாதீர்கள்: கார்கோயில்களைப் படமெடுப்பது பற்றி

எனக்கு வந்த கேள்வி இதுதான்: அக்டோபரில் பத்து நாள் பயணம். பாரிஸ், ஸ்ட்ராஸ்பர்க், கொலோன். கையில் 24-105 மி.மீ. லென்ஸ், ஒரு நல்ல ஃபோன். போன முறை பேராலயங்களில் எடுத்த கார்கோயில் படங்கள், அதாவது சுவர் உச்சியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விநோதக் கல் உருவங்களின் படங்கள், எல்லாம் வெள்ளை வானத்தில் கறுப்புப் பொம்மைகளாக வந்துவிட்டன. பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

லென்ஸ் உதவும். ஆனால் படம் கறுத்துப்போனதற்கு லென்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு வருகிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் எடுத்தது கார்கோயில்தானா?

கிண்டல் செய்யவில்லை. என் முதல் பாரிஸ் பயணத்தில் நோத்ர தாம் பேராலயத்தின் கோபுரத்தில் மூச்சிரைக்க ஏறி இருநூறு படம் எடுத்தேன். ஊருக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் அதில் ஒரு கார்கோயில்கூட இல்லை. கன்னத்தில் கை வைத்து நாக்கைத் துருத்திக்கொண்டு பாரிஸைப் பார்க்கிறதே, அந்தக் கொம்பு வைத்த ஆசாமியை மட்டும் முப்பது தடவை எடுத்திருந்தேன். அவர் பெயர் ஸ்ட்ரீஜ். அவர் சிமேரா வகை, அதாவது வெறும் அலங்காரச் சிலை. ஒரு சொட்டுத் தண்ணீரும் அவர் வாயிலிருந்து விழுந்தது கிடையாது.

கார்கோயில் என்பது கூரைத் தண்ணீரை வெளியே துப்பும் கல் தூம்பு. முதுகில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். மழைநீர் அதில் ஓடி, பெரும்பாலும் வாய் வழியாக, சுவரை விட்டுத் தள்ளி விழும். கார்கூய் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் தொண்டைக்கும் உறவு உண்டு; வாய் கொப்பளிப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லும் அதே குடும்பம்தான். ஜெர்மன்காரர்கள் வாசர்ஷ்பையர் என்பார்கள், ‘தண்ணீர் துப்பி’. நம் கோயில்களில் அபிஷேக நீர் வெளியே வரும் கோமுகியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். (தமிழில் கார்கோயில் என்று எழுதும்போது ‘கார்’ என்ற மழைச்சொல்லும் ‘கோயில்’ என்ற சொல்லும் தற்செயலாகச் சேர்ந்து வருவதில் எனக்கு அல்ப சந்தோஷம்.)

நோத்ர தாம் கோபுரங்களுக்கு இடையே, தரையிலிருந்து சுமார் 45 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மாடத்தின் சிமேராக்கள் இடைக்காலத்தவை அல்ல. 1844-இல் வியோலே-லெ-துக், லாசூ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களிடம் சீரமைப்பு வேலை ஒப்படைக்கப்பட்டது. வேலை முடிய இருபது வருடம் ஆனது. சிமேராக்கள் அந்தக் காலத்தில் வியோலே-லெ-துக் வரைந்து கொடுத்துச் செதுக்கப்பட்டவை. 1853 வாக்கில் ஷார்ல் நேக்ர் என்ற புகைப்படக்காரர் அந்த ஸ்ட்ரீஜுக்குப் பக்கத்தில் இன்னொரு புகைப்படக்காரரான ஆன்ரி லெ செக்கை உயரத் தொப்பியோடு நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். இன்றைக்கும் இந்த விஷயத்தில் அதைத் தாண்டிய படம் இல்லை என்பேன். எத்தனையோ நூற்றாண்டு பழையது மாதிரி தோன்றும் அந்தக் கல், படமெடுத்தபோது செதுக்கி ஒரு சில வருடமே ஆன புதுக் கல்.

சிமேராவை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் மறுபடி எடுப்பேன். ஆனால் இரண்டையும் எடுக்கும் முறை வேறு. சிமேரா பார்க்கப்படுவதற்காக வைத்த சிலை. முகம் இருக்கும், போஸ் இருக்கும். கார்கோயில் வேலைக்காரன். எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் தண்ணீர் முடிவு செய்கிறது. அதனால் ஒரு பேராலயத்துக்குப் போனதும் நான் கேமராவை வெளியே எடுப்பதில்லை. கூரையில் விழும் மழை எப்படிக் கீழே வரும் என்று கண்ணால் ஓட்டிப் பார்ப்பேன். உயரமான நடுக்கூரையின் ஓரத்தில் ஒரு வாய்க்கால். அங்கிருந்து, சுவரைத் தாங்கும் அந்த வளைந்த கல் கைகளின் முதுகு வழியாகச் சரிந்து இறங்கும் இன்னொரு வாய்க்கால். அது முடிகிற வெளித்தூணில், கழுத்தை நீட்டிக்கொண்டு நம் ஆள். இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால், சிற்பக் கூட்டத்தில் கார்கோயிலைத் தேட வேண்டிய வேலையே இருக்காது.

சரி, எங்கே நிற்பது? எல்லோரும் செய்யும் தவறு, நேர் கீழே போய் அண்ணாந்து எடுப்பது. அங்கிருந்து தாடையும் வயிறும்தான் தெரியும். விலாப்பக்கம் வாருங்கள். சுவரிலிருந்து கிடைமட்டமாக ஒரு உடல் பாய்வதும், கழுத்து விறைப்பதும், வாய் பிளப்பதும் பக்கவாட்டிலிருந்துதான் தெரியும். இன்னும் ஒன்றும் தெரியும்: சுவர் அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பது. கல்லின் ஒரு கணிசமான பகுதி சுவருக்குள் புதைந்திருக்கிறது. இல்லையென்றால் பாரம் தாங்காமல் என்றைக்கோ விழுந்திருக்கும்.

அடுத்தது தூரம். 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் உருவத்தை 40 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் 45 பாகை அண்ணாந்து பார்க்கிறீர்கள். 70 மீட்டர் பின்னால் போனால் 30 பாகைக்கு இறங்கிவிடும். முகம் முகமாகத் தெரிய ஆரம்பிப்பது அங்கேதான். இப்போது உங்களுக்கும் கல்லுக்கும் நடுவே சாய்வாக 80 மீட்டர். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் 36 மி.மீ. அகலம்) 105 மி.மீ. வைத்தால் அந்தத் தூரத்தில் படச் சட்டத்தின் அகலம் 27 மீட்டருக்குச் சற்று மேல். ஒன்றரை மீட்டர் நீளக் கார்கோயில் அதில் பதினெட்டில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் படத்தில் முந்நூற்றுச் சொச்சம் பிக்சல். பாஸ்போர்ட் சைஸுக்குக்கூடக் காணாது. 300 மி.மீ. போட்டால் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆகும். அதே 300-ஐச் சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் ஆயிரத்து நானூறைத் தொடும்.

அதனால் லென்ஸ் கேள்விக்கு என் பதில்: 70-300 போதும், வாங்காதீர்கள், பத்து நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் நிலைப்படுத்தி உள்ளதாகப் பாருங்கள். எடுத்த அன்றே வீட்டுச் சுவரில் ஒட்டிய காலண்டரை 300-இல் எடுத்துச் சோதியுங்கள். நான் ஒரு முறை அப்படிச் சோதிக்காமல் கிளம்பி, நிலைப்படுத்தி வேலை செய்யாத லென்ஸோடு ஒரு வாரம் அலைந்தேன். 100-400, 150-600 எல்லாம் அருமையாக இருக்கும், ஆனால் படி ஏறப்போவது நீங்கள். நோத்ர தாம் கோபுரத்தில் மட்டும் 424 படி. ஃபோனில் தூரத்தில் இருப்பதை ஐந்து மடங்கு இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் தாழ்வான கார்கோயில்களுக்கு அது போதும். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் ஃபோன் தன் கற்பனையில் கல்லுக்குத் தோல் போட்டுவிடும், வேண்டாம். அப்புறம், ஒரு சின்ன பைனாகுலர். இதை யாரும் எடுத்துப்போவதில்லை. நான் லென்ஸை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

இனி அந்தக் கறுப்புப் பொம்மை விவகாரம். கார்கோயில் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் பின்னணி பெரும்பாலும் வானம். மேகமூட்டமான வானம் கல்லைவிடப் பல மடங்கு வெளிச்சம். கேமரா வானத்தை நம்பிக் கணக்குப் போட்டுக் கல்லை இருட்டில் தள்ளிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியை, ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). இல்லை, ஒரு சின்னப் புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் கல்லையே அளந்துகொள்ளுங்கள். வானம் வெளுத்துப் போகட்டும். கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக எடுத்தால் பிறகு நிழலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். இது பாதி வைத்தியம்தான். முழு வைத்தியம், வானத்தையே சட்டத்திலிருந்து விரட்டுவது. நாலு அடி இடது பக்கம் நகர்ந்தால் பின்னால் இருக்கும் கோபுரமோ, கூரைச் சரிவோ, எதிர்த் தூணோ கார்கோயிலுக்குப் பின்னணியாக வந்துவிடும். டெலி லென்ஸில் பின்னணியின் அகலம் மிகக் குறைவு என்பதால் இந்த நாலு அடிக்கு அவ்வளவு பலன். வெயில் விழுந்த கல்லுக்குப் பின்னால் நிழல் விழுந்த சுவர் அமைந்தால், அந்த நாள் உங்களுடையது.

வெயிலைப் பொறுத்தவரை பேராலயங்கள் நமக்கு ஒரு வசதி செய்துகொடுத்திருக்கின்றன. பெரும்பாலானவை கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும், வாசல் மேற்கே. எனவே காலையில் பின்புறம், பகல் முழுக்கத் தெற்குச் சுவர், மாலையில் வாசல் முகப்பு. வடக்குச் சுவருக்குக் கோடையில் அதிகாலையும் அந்தியும் கொஞ்சம் கிடைக்கும். அக்டோபரில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் அக்டோபருக்கு வேறு ஒரு பெரிய லாபம் உண்டு. மாத நடுவில் பாரிஸில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 32 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஜூனில் அது 64-ஐத் தொடும். உச்சி வெயிலில் கார்கோயிலின் நெற்றி மட்டும் எரிந்து கண்ணும் வாயும் குழியாகிவிடும். அக்டோபர் வெயில் நாள் முழுக்கச் சாய்வாகத் தடவிக்கொண்டு போவதால் உளித்தடம், பாசி, பிளவுக்கு வைத்த ஒட்டு எல்லாம் எழுந்து நிற்கும். நீங்கள் தேதி பார்த்துத்தான் டிக்கெட் போட்டீர்களா என்று தெரியவில்லை, நல்ல தேதி.

இப்போது மழை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

கார்கோயில் படம் எடுக்க வந்தவர்கள் மழை வந்ததும் காபிக் கடைக்குள் ஓடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். நூற்றுக்கணக்கான வருடங்களாக அந்தக் கல் எதற்காக அங்கே நிற்கிறதோ, அது நடக்கும் ஒரே நேரம் அதுதான். ஒரு முறை ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் பேராலயத்தின் தெற்குப் பக்கம் நின்றிருந்தேன். தூறல்வரை ஒன்றும் நடக்கவில்லை. மழை வலுத்துக் கால் மணி நேரம் ஆன பிறகு ஒரு வாயின் கீழுதட்டில் தண்ணீர் திரண்டு, சொட்டி, நூலாகி, திடீரென்று தொண்டை திறந்தது மாதிரி வெளியே பாய்ந்தது. அது அடங்குவதற்குள் பக்கத்தில் இருந்ததும் துப்ப ஆரம்பித்தது. தண்ணீர் சுவரைத் தொடவே இல்லை; ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்க் கல் தரையில் விழுந்தது. சுவரின் சாந்து கரையாமல் இருக்க இந்த ஏற்பாடு என்று படித்திருந்தேன். நனைந்த தரையையும் காய்ந்த சுவரடியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் அது மண்டையில் ஏறியது.

அதை எடுப்பதற்குச் சில விஷயங்கள். தண்ணீர் வெள்ளை வானத்தில் தெரியவே தெரியாது. இருண்ட பின்னணி இங்கே கட்டாயம். ஷட்டர் 1/1000-இல் துளித்துளியாக உறையும். 1/125-இல் கண்ணாடி நூல் மாதிரி வரும். எனக்குப் பிடித்தது இது. இன்னும் மெதுவாக வைத்தால் புகையாகிவிடும், அதற்கு ட்ரைபாடும் வேண்டும். மழை இருட்டில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும், அதனால் படத்தில் வரும் புள்ளிகள் கல்லின் சொரசொரப்பில் கரைந்துபோகும். லென்ஸ் ஹூடைக் கழற்றாதீர்கள். கேமராவுக்கு ஹோட்டலில் கொடுக்கும் ஷவர் கேப் போதும், இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். துடைக்க மைக்ரோஃபைபர் துணி பத்தாது, ஒரு பழைய பருத்திப் பனியன் துண்டு நல்லது. மழை நின்றதும் கிளம்பிவிடாதீர்கள். கூரையில் தேங்கியது வடிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் வெயில் எட்டிப் பார்த்தால், ஒளிக்கு எதிரே நின்று ஒழுகும் தண்ணீரை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் கார்கோயிலும் இன்று துப்புவதில்லை. பல இடங்களில் பிற்காலத்தில் குழாய் இறக்கித் தண்ணீரை நேரே கீழே கொண்டுபோய்விட்டார்கள். வாய்க்குக் கீழே பச்சைப் பாசியோ கறுப்புத் தாரையோ ஓடியிருந்தால் அது இன்னும் வேலையில் இருக்கிறது என்று நம்பலாம்.

ஃப்ரைபுர்க்கைச் சொன்னதால், உங்கள் திட்டத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ரைன் நதியைத் தாண்டி ஒரே நாளில் போய்வரலாம். அங்கே தெற்குப் பக்கம் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஊரைப் பார்த்துப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வருவதும் அந்த வழியாகத்தான். கூலித் தகராறில் ஒரு கொத்தன் செய்த வேலை என்று கதை சொல்வார்கள். கதையை நான் நம்பவில்லை. கார்கோயில் பேயை விரட்டும், பாவியைப் பயமுறுத்தும் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்லும் மற்றவற்றையும் பாதிதான் நம்புகிறேன். செதுக்கியவர்கள் எதையும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் இந்த ஆள் சிரிக்க வைப்பார், உயரமும் குறைவு, உங்கள் 105-க்கே ஓரளவு அகப்படுவார். ஞாயிறு தவிர மற்ற நாள் காலையில் பேராலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும். கடைகளின் கூரைக்கடியில் நனையாமல் நின்று எடுக்கலாம்.

ஸ்ட்ராஸ்பர்க் இளஞ்சிவப்பு மணற்கல். அந்தி வெயிலில் சும்மா எடுத்தாலே நன்றாக வரும். வெள்ளைச் சமநிலையை (கேமரா நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விட்டுவிடாதீர்கள், அந்தச் சிவப்பைத் தின்றுவிடும். தெற்குச் சதுக்கத்தில் நின்று பக்கச் சுவரைப் பாருங்கள். முந்நூற்று முப்பதுக்குச் சொச்சம் படி ஏறினால் 66 மீட்டரில் ஒரு மேடை. கொலோன் இதற்கு நேர் எதிர். கல் கறுத்துக் கிடக்கும், வானம் வெளுத்துக் கிடக்கும். போன முறை உங்களுக்கு மோசமாக வந்தது அங்கே என்றுதான் ஊகிக்கிறேன். 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கட்டடம் என்பதால் எந்த உருவம் எந்தக் காலத்தது என்று கீழே நின்று சொல்வதும் கஷ்டம். அங்கே இரவு விளக்கொளியில் முயன்று பாருங்கள். விளக்கு கீழிருந்து வருவதால் முகம் திகில் படத்து முகமாகும்; கொஞ்சம் மலிவான உத்திதான், ஆனாலும் வேலை செய்யும்.

பாரிஸில் 2019 ஏப்ரல் தீ விபத்துக்குப் பிறகு நோத்ர தாம் 2024 டிசம்பரில் திறந்தது. கோபுரங்களில் ஏற 2025 செப்டம்பரிலிருந்து மீண்டும் அனுமதிக்கிறார்கள். நேரம் குறித்து முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மேலே ட்ரைபாடை மறந்துவிடுங்கள், நிற்கவே இடம் இருக்காது. கம்பி வலை குறுக்கே வந்தால் லென்ஸை வலையோடு ஒட்டி, லென்ஸின் துளையை எஃப் 4 மாதிரி அகலத் திறந்து, தூரத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்தால் கம்பி கரைந்துவிடும். சிமேராவை எடுத்து முடித்ததும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே கீழ்நோக்கி எட்டிப் பாருங்கள். நிஜக் கார்கோயில்கள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். முதுகு வாய்க்காலைப் பார்க்க மேலிருந்துதான் முடியும். என் முதல் பயணத்தில் இருநூறு படம் எடுத்தபோது செய்யாமல் விட்டது அந்த ஒரு எட்டிப் பார்த்தலைத்தான். ட்ரோன் யோசனை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், பாரிஸ் மேலே அனுமதியின்றிப் பறக்கவிடத் தடை.

ஒரு நாள் மிஞ்சினால் டிஜோனுக்குப் போகலாமா என்று யோசிப்பீர்கள். அங்கே நோத்ர தாம் பெயரிலேயே இருக்கும் தேவாலயத்தின் முகப்பில் 51 உருவங்கள் மூன்று வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். படமாக அபாரம். ஆனால் அத்தனையும் 1880-களின் தொடக்கத்தில் வைத்த போலி. ஒன்றுகூடத் தண்ணீர் துப்பாது. நானாக இருந்தால் ரைம்ஸ் பேராலயத்துக்குப் போவேன், பாரிஸிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். 1914 செப்டம்பரில் ஜெர்மன் பீரங்கிகள் தாக்கியபோது அந்தப் பேராலயத்தின் கூரை பற்றி எரிந்தது. கூரைமேல் வேய்ந்திருந்த ஈயம் உருகி, மழைநீர் போகும் அதே வாய்க்காலில் ஓடி, கார்கோயில்களின் வாய் வழியாகக் கொட்டியது. ஈயம் வாயிலேயே உறைந்துபோன சில கற்களைப் பக்கத்தில் இருக்கும் தோ அரண்மனை அருங்காட்சியகத்துக்கு எடுத்துவைத்தார்கள். திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அதற்கு 300 வேண்டாம், கண்ணெதிரே இருக்கும். ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பக்கவாட்டு வெளிச்சம் விழும் பக்கமாக நின்று, ஈயம் கல்லின் பல்லைத் தாண்டி வழிந்து நின்றுவிட்ட இடத்தை எடுங்கள்.